கரிசல் மண்ணில் லாரித் தளம்: இரண்டடி தோண்டிச் சரளை கொட்டினால் போதுமா?

கேள்வி (கோவில்பட்டி)

வணக்கம். ஊருக்கு வெளியே பருத்திக் கிடங்கு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்புறம் லாரிகள் திரும்பி நிற்கப் பேவர் பிளாக் தளம் வேண்டும். மண் அசல் கரிசல். ஆய்வறிக்கையில் சி.பி.ஆர். (மண் சுமை தாங்கும் வலுவின் அளவு) ஊறவைக்காமல் 8 சதவீதம். நான்கு நாள் ஊறவைத்தபின் 2 சதவீதம். வீக்கக் குறியீடு (நீரில் மண் எத்தனை சதவீதம் உப்புகிறது என்பது) 70. "இது மழை குறைந்த ஊர், 8 என்றே வைத்துக்கொள்வோம். இரண்டடி தோண்டி, குவாரித் தூளும் சரளையும் நிரப்பி ரோலர் ஓட்டலாம்" என்கிறார் ஒப்பந்ததாரர். பக்கத்துக் கிடங்கின் தளமோ ஓரமெல்லாம் மேடுபள்ளமாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தபின் சம்மதிக்க மனம் வரவில்லை.

பதில் (மண் ஆய்வுக்கூடப் பொறியாளர்)

சம்மதிக்காதீர்கள் ஐயா. வடிவமைப்புக்கு உரிய எண் 2தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓர் ஆண்டு பொய்க்கலாம், எல்லா ஆண்டும் பொய்க்காது.

பள்ளம் தோண்டிச் சரளை நிரப்பும் யோசனைதான் எனக்குப் பெரிய கவலை. சுற்றிலும் நீர் புகாத களிமண், நடுவே நீர் புகும் சரளை என்றால் நிலத்துக்குள் ஒரு தொட்டி கட்டியதாக ஆகிவிடும். பிளாக் இடுக்குகளில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். அடியிலுள்ள கரிசல் அதைக் குடித்து வீங்கும். கோடையில் ஓரங்கள் முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். பக்கத்துத் தளம் ஓரத்தில் கெட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வீக்கக் குறியீடு 50-ஐத் தாண்டிய மண்ணை அப்படியே சப்கிரேடாக (தளத்தைத் தாங்கும் அடிமண்ணாக) பயன்படுத்த மத்திய சாலை அமைச்சக விவரக்குறிப்பு அனுமதிப்பதில்லை. எனவே சுண்ணாம்பு கலந்து மண்ணைத் திருத்துங்கள். அல்லது வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள செம்மண்ணை 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை கொட்டி, தளத்தைச் சுற்றுத் தரையைவிட உயர்த்துங்கள்.

பதில் (சாலைப் பணி மேற்பார்வையாளர், விருதுநகர்)

செம்மண் தொலைவிலிருந்து வர வேண்டுமென்றால் சுண்ணாம்புதான் வழி. வழக்கமாக மண்ணின் எடையில் 3 முதல் 5 சதவீதம். எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் பி.எச். (காரத்தன்மை) சோதனை செய்து முடிவு செய்யுங்கள், கலவை 12.4-ஐத் தொட வேண்டும். மண்ணில் சல்பேட் உப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது அதிகமாக இருந்தால் சுண்ணாம்பே புதிய வீக்கத்தை உண்டாக்கும்.

கட்டிகளை ரொட்டவேட்டரால் நன்றாகப் பொடியாக்கிய பிறகே சுண்ணாம்பைத் தூவ வேண்டும். ஈரமாகக் கலந்து ஒரு நாள் விட்டு, மறுபடி கலந்து, 15 செ.மீ. அடுக்காக ரோலர் ஓட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் மணல் மாற்று முறையில் (சிறு குழி தோண்டி, அதை மணலால் நிரப்பி அளந்து) அடர்த்தி பார்த்து, ஆய்வுக்கூட உச்ச அடர்த்தியில் 97 சதவீதம் வந்தால்தான் அடுத்த அடுக்கு. பிறகு ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். வேலையாட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வாரத்துக்குச் சில லாரிகளே வரும். அதற்கு 80 மி.மீ. பிளாக் போதாதா? கிழக்கு ஓரத்தில் பெரிய வேப்பமரம் ஒன்றும் நிற்கிறது.

பதில் (மண் ஆய்வுக்கூடப் பொறியாளர்)

எண்ணிக்கை குறைவு என்பதை மட்டும் பார்க்க வேண்டாம். 2018 முதல் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன் வரை அனுமதி உண்டு. வடிவமைப்புக்கான 80 கிலோ நியூட்டன் (சுமார் 8 டன்) அச்சைவிட அது தளத்துக்குச் செய்யும் சேதம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதோடு, லாரி நின்ற இடத்திலேயே திரும்பும் தளம் இது. 100 மி.மீ. கனத்தில், எம்50 வலுவுள்ள காங்கிரீட் பிளாக் போடுங்கள். அடியில் வெட்மிக்ஸ் (நீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை), அதற்கும் அடியில் நீர் வடியும் ஜல்லி அடுக்கு. அந்த அடுக்கு ஓரக் காங்கிரீட்டில் முட்டி நிற்காமல் பக்கக் கால்வாயில் திறக்க வேண்டும். பணம் எங்கே குறைந்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை. வேர் கோடையில் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கும், அவ்வளவுதான். தளத்தின் ஓரத்தை மரத்தின் உயரமளவுக்குத் தள்ளி வையுங்கள். இடமில்லையென்றால் மரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஆழமான காங்கிரீட் தடுப்புச் சுவர் ஒன்று இறக்குங்கள். சல்பேட் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்; சுண்ணாம்பா செம்மண்ணா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.