எஸ்எஸ்டிக்கு என்ன சொல்? வட்டே இல்லாததை வட்டு என்பதா?

வணக்கம்.

தொடக்கநிலை மாணவர்களுக்கான கணினி உறுப்புகள் சொற்பட்டியலில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. ரேமுக்கு நினைவகம். ஹார்ட் டிஸ்குக்கு வன்வட்டு, வன்தட்டு இரண்டும் புழங்குகின்றன. எது இருந்தாலும் சரி. எஸ்எஸ்டிதான் (SSD, வன்வட்டுக்கு மாற்றாகத் தரவைச் சேமிக்கும் கருவி) இழுக்கிறது. வரைவில் "திண்மநிலை வட்டு" என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

எஸ்எஸ்டியின் உறையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை, அதன்மேல் சில நினைவகச் சில்லுகள் (சிப்), ஒரு கட்டுப்படுத்தி. வட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. பெயரில் வட்டு இருந்தால் வட்டுக்குரிய பழக்கங்களும் கூடவே வந்துவிடும், அதுதான் சிக்கல். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வன்வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய தரவு படிக்கும் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒரே கோப்பு பத்து இடங்களில் சிதறிக் கிடந்தால் பத்து முறை காத்திருப்பு. அதனால் டிஃப்ராக் செய்து ஒன்றுசேர்ப்பதில் பொருள் உண்டு. எஸ்எஸ்டியில் காத்திருக்க எதுவுமில்லை. அங்கே டிஃப்ராக் செய்தால் எழுதும் ஆயுள்தான் தேயும்.

அழித்த கோப்பும் இப்படித்தான். வன்வட்டில் அழித்தால் அட்டவணைப் பதிவுதான் போகிறது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை தரவை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டிக்கு இயங்குதளம் ட்ரிம் கட்டளை (இந்த இடத்திலுள்ள தரவு இனி வேண்டாம் என்ற அறிவிப்பு) அனுப்பிவிடும். அதன்பின் மீட்பு மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலும் வெறும் சுழியங்களே கிடைக்கும்.

இன்னொன்று: வன்மை, திண்மை இரண்டும் தமிழில் ஏறத்தாழ ஒரே பொருள். வன்வட்டு, திண்மவட்டு என்று அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு இரண்டுமே கெட்டியான வட்டுதான். நெகிழ்வட்டிலிருந்து பிரித்துக் காட்ட "வன்" வந்தது; வெற்றிடக் குழாய்களுக்கு மாற்றாக வந்த குறைகடத்திகளைக் குறிக்கத் "திண்மநிலை" வந்தது. அந்த வரலாறு தெரியாதவருக்கு இரண்டும் எதையும் விளக்கவில்லை.

என் முன்மொழிவு: சில்லுச் சேமிப்பகம்.

---

> என் முன்மொழிவு: சில்லுச் சேமிப்பகம்.

இலங்கையிலிருந்து ஒரு தடை. எங்களுக்குச் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு என்றுதான் சொல்வோம். சுற்றாத பொருளைத் தேடிப்பிடித்துச் சுற்றுகிற பொருளின் பெயரை வைத்தால், நீங்கள் வேண்டாம் என்ற வட்டே மறுவாசலால் வந்துவிடும் ஐயா.

---

நல்ல வேளை, இப்போதே சொன்னீர்கள்.

"திண்மநிலை இயக்ககம்" என்று வைத்துக்கொண்டால் என்ன? வட்டு போய்விடும், மூலச்சொல்லோடும் ஒத்துப்போகும்.

---

> திண்மநிலை இயக்ககம்

டிரைவருக்கு (ஒரு கருவியை இயங்கவைக்கும் மென்பொருள்) ஏற்கெனவே "இயக்கி" இருக்கிறது. "இயக்ககத்துக்கான இயக்கியை நிறுவுக" என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள், படிப்பவர் பாவம். தவிர, டிரைவ் என்ற பெயரே வட்டைச் சுற்றவைக்கும் பொறியைக் குறித்துப் பிறந்தது. எஸ்எஸ்டியில் எதை இயக்குகிறோம்?

உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொல்லை எடுப்போம். தரவு நிற்பது நுண்ணிய கலங்களில். ஒவ்வொரு கலமும் மின்காப்பிட்ட ஓர் அடுக்கில் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும்; எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளந்துதான் தரவைப் படிக்கிறோம். கலத்துக்கு ஒரு பிட் என்றால் இரண்டு நிலை போதும். டிஎல்சி வகையில் கலத்துக்கு மூன்று பிட், எனவே 8 நிலை. க்யூஎல்சி வகையில் நான்கு பிட், 16 நிலை. நிலைகள் நெருங்க நெருங்க விலை குறையும்; எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்து குறையும். எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பல பக்கங்கள் கொண்ட தொகுதி தொகுதியாக. எழுதிய பக்கத்தின்மேல் நேராக எழுத முடியாது. ட்ரிம் தேவைப்படுவது இதனால்தான். ஏறக்குறைய நிரம்பிய எஸ்எஸ்டி மந்தமாவதும் இதனால்தான்.

ஆகவே: கலச் சேமிப்பகம். அதற்கு இணையாக வன்வட்டை வட்டுச் சேமிப்பகம் எனலாம்.

---

கலம் என்றதும் மின்கலம் நினைவுக்கு வராதா? கடையில் போய்க் கேட்டால் பேட்டரியை எடுத்து நீட்டுவார்கள்.

---

கடையில் யாரும் எந்தச் சொல்லாக்கத்தையும் கேட்கப் போவதில்லை. எஸ்எஸ்டி என்றுதான் கேட்பார்கள். பாடத்தில் "சேமிப்பகம்" பக்கத்திலேயே நிற்பதால் குழப்பம் வராது. இலங்கைப் பாடநூல்களில் உயிரணுவே கலம்தான். சிற்றறை என்ற கருத்து அங்கே பழகியது. பாத்திரம் என்ற பழைய பொருளும் கைகொடுக்கிறது, எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பாத்திரம்.

எனக்குள்ள ஐயம் வேறு. விரலியிலும் (பென் டிரைவ்) நினைவக அட்டையிலும் இருப்பது இதே கலங்கள்தானே? அவையும் கலச் சேமிப்பகம் ஆகிவிடுமே.

---

ஆகட்டும், அது குறையில்லை. கலச் சேமிப்பகம் என்பது இனப்பெயர். விரலி, நினைவக அட்டை, எஸ்எஸ்டி மூன்றும் அதன் வகைகள். எஸ்எஸ்டியை அப்படியே தமிழ் எழுத்தில் வகைப்பெயராக வைத்துக்கொள்வோம். பதிவு இப்படி:

"எஸ்எஸ்டி: கணினியில் வன்வட்டுக்கு மாற்றாகப் பொருத்தும் கலச் சேமிப்பகம். அசையும் பாகங்கள் இல்லை. மின்சாரம் நின்றாலும் தரவு நிற்கும்; நினைவகத்தில் (ரேம்) நிற்காது."

---

பதிவு சரி. கீழே குறிப்பாக மூன்று சேர்க்க வேண்டும்.

மின்சாரம் நின்றாலும் நிற்கும் என்றால் என்றென்றும் என்று எடுத்துக்கொள்வார்கள். கலத்தில் பிடித்த மின்னூட்டம் மெல்லக் கசியும். தேய்ந்த கலத்தில், வெப்பமான இடத்தில் இன்னும் விரைவாக. எஸ்எஸ்டியில் படங்களைப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது.

எம்.2 என்பது எஸ்எஸ்டியின் வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம், அவ்வளவே. அதே வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு; இரண்டும் கணினியோடு தரவு பரிமாறும் முறைகள். சாட்டா நொடிக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும். நான்கு தடப் பிசிஐஇ 3 இணைப்பில் ஓடும் என்விஎம்இ 3500 மெகாபைட்டைத் தொடும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் செருகுவாயில் சாட்டா எம்.2வைச் செருகினால் பெரும்பாலும் அழகாகப் பொருந்திவிடும், கணினிதான் அதைக் கண்டுகொள்ளாது. வாங்குமுன் தாய்ப்பலகைக் கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 1 டெராபைட் வாங்கினால் விண்டோசில் 931 ஜிபி காட்டுவது. யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் பெருக்கமாக எண்ணுகிறது. பிந்தையதற்கு ஐஇசி 1998இலேயே கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று தனி முன்னொட்டுகள் கொடுத்துவிட்டது. தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே "கிபி" ஆகிவிடுகின்றன. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.