மளிகைக் கடையில் காய்ச்சல் மாத்திரை விற்கலாமா?

கேட்பவர்: மளிகைக்காரன், பென்னாகரம் பக்கம்

எங்கள் ஊரில் மெடிக்கல் கிடையாது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதனால் அப்பா காலத்திலிருந்தே கடையில் மாத்திரை டப்பா உண்டு, பீடிக் கட்டுக்கும் வெற்றிலைக்கும் நடுவில். பாராசிட்டமால், தைலம், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு ரெண்டு ரெண்டாகக் கத்தரியில் வெட்டிக் கொடுப்பேன்.

போன வாரம் எங்கள் தெரு ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு அட்டைத் துண்டை எடுத்து வைத்தார். "இதே மாதிரி பத்து குடு சாமி, முட்டி வலிக்கு இதுதான் கேக்குது." பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, பக்கத்தில் 50 என்ற எண். தேதி இல்லை. எங்கேயோ சந்தையில் வாங்கினாராம், ஆறு மாதமாகத் தினம் ஒன்று. கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினார். குழி அப்படியே நின்றது.

இல்லை என்றேன். "உங்கப்பன் இருந்தா குடுத்திருப்பான்" என்று துண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. நான் விற்பது சட்டப்படி சரியா? ஆயாவிடம் என்ன சொல்வது?

பதில்: மெடிக்கல் கடை, பாலக்கோடு

அண்ணே, மருந்து விதிகளில் அட்டவணை கே என்று ஒன்று இருக்கிறது. ஊர் ஜனத்தொகை 1,000-ஐத் தாண்டவில்லை என்றால் பாராசிட்டமால், ஆஸ்பிரின், தைலம் மாதிரி வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாமல் விற்கலாம். லைசென்ஸ் உள்ள மொத்தக் கடையில் வாங்கியிருக்க வேண்டும், பிரிக்காத பேக்கிங்கில் விற்க வேண்டும். ஆக, உங்கள் கத்தரிதான் இடிக்கிறது.

துண்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரையாக இருந்தால் அது அட்டவணை எச். டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்களே கொடுக்கக் கூடாது. கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன, மறைப்பானேன். 'செட் மாத்திரை' என்று பொட்டலம் கட்டுவார்கள். அதில் சில சமயம் ஸ்டீராய்டும் போகும். அது உடனே கேட்கும், அதுதான் வம்பே.

பதில்: ஓய்வு பெற்ற கிராம செவிலியர், ஊத்தங்கரை

தம்பி, குழி விழுகிற வீக்கத்தை விட்டுவிடாதே. வலி மாத்திரையைத் தினம் போட்டால் சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும், வயிறு புண்ணாகும். ஆயாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போ, பிரஷரும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினை ரத்தத்திலும் பார்க்கச் சொல். துண்டைக் கையோடு எடுத்துப் போ. ஸ்டீராய்டாக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

இன்னொன்று, ஆயா எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்? தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் காவியேறும், வயதானால் மூட்டும் முதுகும் இறுகும். 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். பழைய எலும்பு வலியை மாத்திரை ஆற்றாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருவார்கள். 2021-இல் அதைத் தொடங்கி வைத்ததே நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான், நம் ஆட்களே கேட்டு வாங்குவதில்லை!

பதில்: அஞ்செட்டிக்காரன்

சட்டம் பேசி டப்பாவைத் தூக்கிவிடாதீர்கள். ராத்திரி காய்ச்சல் என்றால் நாங்கள் தட்டுவது கடைக்காரர் கதவைத்தான். பெரியவர்கள் மாத்திரையைப் பாதி உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதை மட்டும் விடுங்கள், குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. சந்தேகம் என்றால் அரசு மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போன் போடலாம்.

கேட்டவர் மறுபடியும்:

எங்கள் ஊர் அறுநூற்றுச் சொச்சம்தான், தப்பித்தேன். இனி முழு அட்டைதான் என்றதும் நேற்றே ஒருத்தர் முறைத்துக்கொண்டு போனார். கத்தரி இப்போது ஷாம்பு பாக்கெட்டுக்கு மட்டும்.

ஆயா முதலில் வரமாட்டேன் என்றார். புதன்கிழமை என் டிவிஎஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்றதும் சரி என்றார். அட்டைத் துண்டைத் திருப்பிக் கேட்டார். புதன்கிழமை தருகிறேன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.