மறுமொழி: ‘யார்ன்’ – ‘கதைப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காலனிக் கால ஆஸ்திரேலிய இதழ்க் கதைகள் பற்றிய கலைக்களஞ்சியப் பதிவுக்காகத் தொடங்கிய இழை இது. வாயால் சொல்லும் கதையைக் குறிக்கும் ‘யார்ன்’ (yarn) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை கட்டுக்கதை, புளுகுக்கதை, திரிகதை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே தவற்றைச் செய்கின்றன. சொல்லப்படுவது உண்மையா பொய்யா என்பதைப் பெயரிலேயே தீர்ப்பாக எழுதிவிடுகின்றன. நான் ‘கதைப்பு’ என்பதை முன்மொழிகிறேன்.

> யார்ன் என்றால் முறுக்கிய நூல். நாமும் ‘கயிறு திரிக்கிறான்’ என்கிறோம். ஆகவே திரிகதை கச்சிதமாகப் பொருந்தும்.

பொருத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. கப்பலில் கயிற்று வேலை பார்த்தபடியே மாலுமிகள் கதை பேசியதிலிருந்து வந்த வழக்கு என்று ஆங்கிலத்திலும் சொல்வார்கள். ஆனால் தமிழில் ஒருவர் கயிறு திரிக்கிறார் என்றால் அவர் பொய் சொல்கிறார் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல் அப்படித் தொடங்கவில்லை.

ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்பவர் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட கைதி. திருடர்களும் கைதிகளும் தமக்குள் பேசிக்கொண்ட குழூஉக்குறிகளை 1812-இல் ஒரு சிறு அகராதியாகத் தொகுத்தார். அது 1819-இல் அவருடைய நினைவுக் குறிப்புகளோடு அச்சானது. ஆஸ்திரேலியாவில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி என்று அதைக் குறிப்பிடுவதுண்டு. அதில் ‘யார்ன்’ இருக்கிறது. தாம் செய்த துணிச்சல்களையும் தப்பித்த கதைகளையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்று பொருள் தருகிறார். அடைபட்டும் நாடுகடத்தப்பட்டும் கிடப்பவர்களுக்கு அலுப்பான பொழுதைக் கழிக்க அது உதவுகிறது என்றும், பழைய நாட்கள் திரும்பி வருமோ என்ற மறைவான ஆசையையும் அது கிளறக்கூடும் என்றும் சேர்த்து எழுதுகிறார். பொய் என்ற பேச்சே அங்கு இல்லை. இருப்பது இரண்டுதான்: வாயால் சொல்வது, கேட்க ஆள் இருப்பது. நம் சொல்லும் இந்த இரண்டைத்தான் பிடிக்க வேண்டும்.

> அந்தக் கால இதழ்க் கதைகள் எல்லாவற்றுக்கும் இதையே பொதுச்சொல்லாக வைத்துவிடலாமே?

கூடாது. ‘தி ஆஸ்திரேலியன் ஜர்னல்’ 1865-இல் மெல்பர்னில் தொடங்கியது. மக்கள் விரும்பிப் படித்த இதழ் அது. அதில் பெரும்பகுதி யார்ன் அல்ல. தொடர்கதைகள் உண்டு, மார்க்கஸ் கிளார்க்கின் புகழ்பெற்ற கைதி நாவல் 1870 முதல் 1872 வரை அதில்தான் தொடராக வந்தது. துப்பறியும் கதைகளும் உண்டு. மேரி ஃபார்ச்சூன் என்ற பெண் ‘டபிள்யூ. டபிள்யூ.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, ஒரு போலீஸ்காரர் தன் வழக்குகளைச் சொல்வதுபோல 1868 முதல் 1908 வரை எழுதினார். நாற்பது ஆண்டுகள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கதைகள். தங்கவயல்களில் வாழ்ந்தவர், கூடாரங்களும் குழிகளும் குற்றங்களும் அவருக்கு நேரில் தெரியும். எழுதியது ஒரு பெண் என்று வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. துப்பறியும் கதை வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தை இன்றுவரை யாரும் ஒழுங்காகக் கொடுத்ததில்லை என்பது என் எண்ணம். நம் பதிவில் அவருக்கு ஒரு தனிப் பத்தியாவது வேண்டும். ஆனால் அவர் எழுதியவற்றுக்குத் ‘துப்பறியும் கதை’ என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதுச்சொல் தேவையில்லை.

யார்ன் தன் முழு உருவத்தைக் காட்டுவது ‘தி புல்லட்டின்’ இதழைச் சுற்றி எழுதியவர்களிடம். ஆர்ச்சிபால்டும் ஹேன்ஸும் 1880-இல் சிட்னியில் தொடங்கியது. வாசகர்களே எழுதி அனுப்புவார்கள்; ஆசிரியர் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவார். ‘சுண்டக் காய்ச்சு’ என்பதே அங்கே எழுதுகிறவர்களுக்கு இருந்த கட்டளை. இதே இதழ் 1908 முதல் ‘வெள்ளையருக்கே ஆஸ்திரேலியா’ என்று தன் முகப்பில் போட்டுக்கொண்டதையும் பதிவில் விடாமல் எழுத வேண்டும்.

எது யார்ன், எது யார்ன் அல்ல என்று பார்க்க அந்த இதழில் எழுதிய ஹென்றி லாசன் ஒருவரே போதும். ‘தி ட்ரோவர்ஸ் வைஃப்’ 1892-இல் புல்லட்டினில் வந்தது. செம்மறியாடுகளை ஓட்டிக்கொண்டு தொலைதூரம் போய்விட்ட கணவன். நடுக்காட்டில் இரண்டு அறை மரவீடு. தரைப்பலகைக்கு அடியில் புகுந்துகொண்ட பாம்பு. பிள்ளைகளைச் சமையல்கட்டு மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, நாயோடு இரவெல்லாம் காவல் இருக்கிறாள் அந்தப் பெண். யாரும் யாருக்கும் கதை சொல்லவில்லை. நாம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். இதற்கு யார்ன் என்று பெயரில்லை.

அதே லாசன் எழுதிய, குரல் ஜாலம் தெரிந்த ‘பில்’ என்ற சேவலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1900-இல் வந்த ‘ஆன் தி ட்ராக்’ தொகுப்பில் இருக்கிறது. சொல்பவன் மிட்செல் என்ற ஊர்சுற்றித் தொழிலாளி. எங்கள் வீட்டில் பில் என்று ஒரு சேவல் இருந்தது என்று ஆரம்பிக்கிறான். அது கூவினால் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோலக் கேட்கும். தன் குரலையே எதிரியின் குரல் என்று எண்ணி அந்தச் சேவல் அலைகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு சண்டைச் சேவலைக் கொண்டுவருகிறார். பில் விறகுக் குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடி, துரத்தியதைக் களைக்கவைத்துவிட்டுத் திரும்பி அடிக்கிறது. இது நடந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மிட்செல் எப்படிச் சொல்கிறான் என்பதற்காகவே கேட்கிறார்கள். எழுத்தில் வந்த பிறகும் பேச்சாகவே இருப்பதுதான் இதன் இலக்கணம். ஒன்பது வயதிலேயே காது மந்தமாகத் தொடங்கியவர் லாசன். அவரிடம் மனிதக் குரல் இத்தனை துல்லியமாக விழுவதை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

இனி ‘கதைப்பு’. ஈழத்தமிழில் கதைத்தல் என்றால் பேசுதல். கதை என்றால் பேச்சும்தான், கதையும்தான். ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் யார்ன் என்பதும் அப்படியே: இருவர் உட்கார்ந்து பேசுவதும் யார்ன், அதில் பிறக்கும் கதையும் யார்ன். பெயராகவும் வினையாகவும் வரும். வேறெந்தத் தமிழ்ச்சொல்லும் இந்த இரண்டையும் இவ்வளவு இயல்பாகத் தாங்காது.

> தமிழ்நாட்டு வாசகருக்கு இது வட்டார வழக்காகத் தெரியாதா?

கதைத்தல் என்ற வினை ஈழத்து எழுத்துகளைப் படிக்கும் எவருக்கும் புதிதல்ல. மெல்பர்னிலும் சிட்னியிலும் வாழும் ஈழத்தமிழர்களுக்கோ அது வீட்டுச்சொல். ஆஸ்திரேலியப் பொருளுக்கு அந்த நாட்டில் வாழும் தமிழர் வாயில் உள்ள சொல்லே அமைவதில் எனக்கு மகிழ்ச்சி. கலைச்சொல் என்றால் தமிழ்நாட்டு வழக்கிலிருந்துதான் வர வேண்டும் என்ற பழக்கத்தை இந்தக் குழுவாவது கைவிட வேண்டும்.

இன்னொரு காரணம், எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. இன்றைய ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் யார்னிங் என்று சொல்வது, வட்டமாக அமர்ந்து அனுபவங்களையும் அறிவையும் மதிப்போடு பகிர்ந்துகொள்ளும் முறையை. ஆய்வு முறையாகவும் அது ஏற்கப்பட்டிருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் நாளை அந்தப் பதிவையும் எழுதப்போகிறோம். அங்கே போய் ‘புளுகு’ என்றோ ‘திரிப்பு’ என்றோ எழுத முடியுமா? அவர்கள் நிலத்தைப் பறித்த கூட்டத்தின் இதழ்களிலிருந்து நாம் ஆக்கும் சொல், அவர்கள் பேச்சைப் பொய்யென்று சொல்வதாக ஆகிவிடக்கூடாது. கதைப்பு வட்டம் என்றால் உறுத்தாது.

‘புஷ் யார்ன்’ என்பதற்குப் ‘புதர்க்கதை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். புஷ் என்பது அங்கே செடிப்புதர் அல்ல, நகரங்களைத் தாண்டிய உள்நாடு முழுவதும். ‘காட்டுப்புறக் கதைப்பு’ எனலாம். பொய்யை மிகைப்படுத்தி அடுக்கும் வகைக்கு மட்டும் ‘அளப்புக்கதை’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம். அளக்கிறான் என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. லாசனின் பாம்புக் கதை போன்றவற்றுக்கு, ‘ஸ்கெட்ச்’ என்ற பொருளில், எழுத்தாளர் வ.ரா. வழியாக நமக்குப் பழகிய ‘நடைச்சித்திரம்’ போதும் என்று நினைக்கிறேன். அவர் அதில் பெரும்பாலும் ஆட்களைத்தான் வரைந்தார், நிகழ்ச்சியை அல்ல என்று மறுப்பவர்கள் இருக்கலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

பதிவுக்கான வரைவு: கதைப்பு – (பெயர்) ஒருவர் தம் குரலில் பிறருக்குச் சொல்லும் பாங்கில் அமைந்த கதை, அவ்வாறு கூடிப் பேசுதல். வினை: கதை. மாற்றுக் கருத்து இருப்பவர்கள், ஒரு முழு வாக்கியத்தில் தங்கள் சொல்லைப் பயன்படுத்திக் காட்டி எழுதுங்கள்.

அன்புடன்