ஷெட்டுக்கு அடியில் கிரவுண்ட்ஹாக்: நீங்கள் கண்டது என்ன?

ஸ்காபரோ கீரைப்பாத்தி:
எங்கள் ஷெட்டுக்கு அடியில் ஒரு கிரவுண்ட்ஹாக் குடியிருக்கிறது, குழி தோண்டி வாழும் கொழுத்த கொறிக்கும் பிராணி. இங்கே தோட்டம் வைத்தவர்களுக்கு இது புதினமில்லை. ஆனால் போன ஜூனில் கண்டது மனதை விட்டுப் போகவில்லை. விடிந்த கையோடு குசினி ஜன்னலால் பார்க்கிறேன், பின்னங்காலில் குந்தி நிமிர்ந்து நிற்கிறது. பயித்தங்கொடியை முன்னங்கையால் வளைத்துப் பிடித்து நுனிக் குருத்தை மட்டும் கடிக்கிறது. அது முடிய அடுத்த கொடி. பக்கத்திலேயே தக்காளி, மிளகாய், திரும்பியும் பார்க்கவில்லை. இடையிடையே மெல்லுவதை நிறுத்திச் சுற்றிப் பார்க்கும், பிறகு மெல்லும். கதவைத் திறந்தேன். கூராக ஒரு விசில் அடித்துவிட்டுத்தான் ஓடியது. அந்த விசில் எனக்கா, உள்ளே இருந்த குட்டிகளுக்கா?

எடிசன்வாசி:
குட்டிகளுக்குத்தான் அக்கா, ஆபத்து என்று சொல்லும் சத்தம் அது. எங்கள் நியூ ஜெர்சி வீட்டில் விசில் இல்லை, ஆனால் மல்பெரி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. என் தலைக்கு மேலே, கிளை வளைய வளைய. கீழே பக்கத்து வீட்டு நாய் தொண்டை கிழியக் குரைக்கிறது. இது ஒவ்வொரு பழமாக வாயில் போட்டுக்கொண்டு நாயையே பார்க்கிறது. பயந்து ஏறியதா, பழத்துக்காக ஏறியதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

புல்வெட்டி:
மரத்திலா? நீங்கள் பார்த்தது அணிலாக இருக்கும். இது குழியில் வாழ்வது. அக்டோபரில் உள்ளே போனால் ஏப்ரல் வரை தலையே காட்டாது. எங்கள் தெருவில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன்.

ஒட்டாவா தோட்டக்காரன்:
புல்வெட்டி, கிரவுண்ட்ஹாக்கே அணில் குடும்பம்தான். மரமும் ஏறும், நீந்தவும் செய்யும். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அவர் பொய் சொன்னதாகிவிடாது. எங்கள் வீட்டில் புரொக்கோலியைத் தண்டு மட்டும் விட்டு மொட்டையடித்தது, அவ்வளவுதான் என் கதை. சரி, வேலிக்கு வருவோம். கோழிவலை ஒரு மீட்டர் உயரமாவது வேண்டும். அடியில் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். அது வேலியின் ஓரத்தில்தான் தோண்டும், மடிப்பில் நகம் முட்டும். மேலே கடைசி ஒரு அடியைக் கம்பத்தில் கட்டவே கூடாது. ஏறும்போது வலை வளைந்து அதன் மேலேயே சாயும், பிடிமானம் கிடைக்காது. கூண்டு வைத்துப் பிடித்தால் ஒன்டாரியோவில் 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும், அதுதான் சட்டம். மாசசூசெட்ஸில் வேறு இடத்துக்குக் கொண்டுபோவதே கூடாது. மே மாதம் தாயைப் பிடித்தால் குட்டிகள் குழிக்குள் பட்டினி கிடக்கும், அதையும் யோசியுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அமெரிக்காவில் கொறிக்கும் பிராணிகளில் ரேபிஸ் அதிகம் காணப்படுவது இதில்தான்.

ரோஜாச்செடி:
வேலி பற்றி இங்கே யார் கேட்டது அண்ணா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குழியின் மண் குவிந்த பெரிய வாசல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எதிரே நாற்காலி போட்டு, கையில் போனோடு, வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். பின்னால் கடகடவென்று பல் அடிக்கும் சத்தம். திரும்பினால் புல்லுக்கு நடுவே, கொஞ்சமும் மண் சிந்தாத ஓட்டையிலிருந்து தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவசர வழியாம் அது, உள்ளிருந்தே தோண்டுவதால் மண் மேலே வருவதில்லை. அதே இடத்தில்தான் தினமும் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. எவ்வளவு நேரமாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததோ. போட்டோவில் என் செருப்புதான் விழுந்திருக்கிறது.

பனிக்கால முருங்கை:
ஏப்ரல் வரை வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிப்ரவரி 2-ஆம் தேதி ஒன்டாரியோவின் வியார்ட்டன் ஊரில் கிரவுண்ட்ஹாக்கை வெளியே கொண்டுவந்து, அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் நீளும் என்று சொல்லும் கூத்தை விடுங்கள், அது மனிதர்கள் எழுப்புவது. அதே மாதம் எங்கள் கொல்லைப் பனியில் புதுத் தடம் இருந்தது. குழி வாசலில் பனியோடு மண்ணும் கிளறிக் கிடந்தது. அங்கிருந்து நேர்கோட்டில் வேலிக்கு அடியால் புகுந்து, பக்கத்து வீட்டு ஷெட் வரைக்கும். இதயம் நிமிடத்துக்கு ஐந்து பத்துத் துடிப்புக்கு இறங்கித் தூங்கும் பிராணி, தின்ன ஒரு புல்கூட இல்லாத குளிரில் எதற்கு எழுந்தது? ஆண்கள் முன்னதாகவே எழுந்து பெண்களின் குழிகளைப் பார்த்துவைத்துவிட்டு, திரும்பப் போய்த் தூங்குமாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால், "என் ஷெட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். போன கோடையில் அவர் வீட்டுக் கீரைப்பாத்தி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.