சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளும் வேலூர்ச் சாலைகளும்: இரண்டாவதாக வரும் வண்டியைப் பற்றிய அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

ரிகம்பன்ட் டிரைசைக்கிள் எனப்படும், சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை வேலூர் வட்டாரத்தில் ஓட்டுகிறவர்கள் மிகச் சிலரே. கார், லாரி, பேருந்துகளுக்கு நடுவே அவரவர்க்கு நேர்ந்ததை எழுதி வைத்தால் அடுத்து வாங்க நினைப்பவருக்கு உதவும் என்பதால் முதலில் நானே எழுதுகிறேன். கழுத்தெலும்புத் தேய்மானத்தால் சாதாரண சைக்கிளில் குனிந்து ஓட்ட முடியாமல் போன பிறகு, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் கொண்ட டாட்போல் வகை வண்டிக்கு மாறினேன். இதன் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில்தான் இருக்கிறது. கால்கள் முன்னே நீண்டு பெடலை மிதிக்கும். கைப்பிடிகள் உடலுக்கு இருபுறமும் இருக்கும். என் கண் மட்டம் ஒரு காரின் பானட்டைத் தாண்டாது.

இதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "லாரிக்காரருக்கு உங்களைத் தெரியுமா?" என்பதுதான். எனக்கு நேர் பின்னால் வருகிற ஓட்டுநர் என்னைக் கவனிக்காமல் விட்டது மிக அரிது. பழக்கமில்லாத உருவமாக இருப்பதால் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, சாதாரண சைக்கிளுக்கு விடுவதைவிடத் தாராளமாக இடம் விட்டே பெரும்பாலோர் கடக்கிறார்கள். எனக்கு ஆபத்து வந்ததெல்லாம் அவருக்கும் பின்னால் வருகிறவரிடமிருந்துதான். முதல் வண்டி என்னை முழுவதும் மறைத்துக்கொண்டு வருகிறது. அது கடைசி நேரத்தில் வலப்பக்கம் விலகும்போதுதான், இரண்டாவது வண்டியின் ஓட்டுநருக்கு நான் ஒருவன் சாலையில் இருப்பதே தெரியவருகிறது. அதற்குள் அவர் வேகத்தைக் கூட்டியிருப்பார்.

பாலாற்றுப் பாலத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஒரு மாலை விருதம்பட்டுப் பக்கமிருந்து பாலத்தில் ஏறி, புதிய பேருந்து நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு டவுன் பஸ் பொறுமையாக வந்து, எதிர்ப்பக்கம் காலியானதும் வலப்புறம் விலகிக் கடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் வந்த ஷேர் ஆட்டோ, பஸ் விலகியதால் இடப்பக்கம் திறந்த இடைவெளி தனக்குத்தான் என்று எண்ணிப் பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே புகுந்துவிட்டது. அந்த இடைவெளியில் நான் இருந்தேன். பஸ்ஸின் பின்படிக்கட்டில் நின்ற நடத்துனர் தகரத்தைப் படபடவென்று தட்டி, "யோவ், முன்னாடி ஆள் இருக்காருயா!" என்று கத்தியிராவிட்டால் ஆட்டோ நின்றிருக்காது. என் பின்சக்கரத்துக்கும் அதன் முன்சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. வண்டியின் பின்னால் ஆறடிக் கம்பத்தில் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பஸ்ஸின் மறைவில் ஆறடிக் கொடியால் பயனில்லை.

அன்றுமுதல் பாலத்தில் ஏறுவதற்கு முன், அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, பேருந்தும் லாரியும் போன பிறகே நுழைகிறேன். பின்னால் வருவது கார்கள் மட்டும் என்றால், காரின் கூரைக்கு மேலே கொடியின் நுனி தெரியும் என்பதால் இரண்டாவது வண்டிக்காரருக்கும் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போவதையும் விட்டுவிட்டேன். ஓரத்தில் போனால், பக்கத்தில் ஒரு வண்டி நுழைய இடமிருப்பதாக எல்லோருக்கும் தோன்றுகிறது. என் வண்டியின் அகலம் இரண்டரை அடிக்கு மேல். மூன்று சக்கரங்களும் மூன்று தடத்தில் ஓடுவதால் பாலத்தின் இணைப்பு இடுக்குகளையும் பள்ளங்களையும் இருசக்கர வண்டிபோல வளைந்து தவிர்க்க முடியாது. ஆகையால் இடப்பக்கத் தடத்தின் நடுவில், நேராக, எல்லோருக்கும் புரியும்படி ஓட்டுகிறேன்.

சாய்ந்த நிலையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. ஆகவே கண்ணாடி இருபுறமும் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் வலப்பக்கம் ஒன்று போதும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆட்டோ வந்தது இடப்பக்கமாகத்தான். கைகாட்டுவதிலும் ஒரு மாற்றம் தேவை. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அது காரின் பம்பர் உயரத்தில்தான் தெரியும் என்பதால், முதலில் தலைக்கு மேல் உயர்த்திவிட்டுப் பிறகு திசையைக் காட்டுகிறேன். கொடிக்கு நிறம் தேர்ந்தெடுப்பது இங்கே சற்று யோசிக்க வேண்டிய காரியம். எந்த நிறத்தைக் கட்டினாலும் எந்தக் கட்சி, எந்த ஊர்வலம் என்று கேட்கிறார்கள். ஒளிரும் எலுமிச்சைப் பச்சையை அப்படி யாரும் கேட்டதில்லை. வெயிலிலும் அது எடுப்பாகத் தெரிகிறது.

பிரேக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க் பிரேக் இருப்பதாலும் எடை தாழ்வாக இருப்பதாலும் இந்த வண்டி சடக்கென்று நின்றுவிடும். பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்ப்பதில்லை. எனவே நிற்பதற்கு முன்பே ஒருமுறை கையை உயர்த்துகிறேன், கியரையும் இறக்கிக்கொள்கிறேன். எழுந்து நின்று மிதித்துக் கிளம்ப இதில் வழியில்லாததால், கனமான கியரில் நின்றுவிட்டால் சிக்னல் பச்சையானதும் நடுச்சாலையில் தடுமாற நேரிடும்.

சாய்ந்து ஓட்டும் வண்டி புதிய கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். 1933 ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த இருசக்கரச் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். 1934 இல் சர்வதேச சைக்கிள் சங்கம் அத்தகைய வண்டிகளைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. அந்த விலக்கு இல்லாதிருந்தால் உலகச் சாலைகளில் இவை இன்னும் பெருகியிருக்கும், ஓட்டுநர்களின் கண்ணும் பழகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கிரீன் சர்க்கிள் பக்கத்தில் அடிக்கடி நேர்வதையும் எழுதிவிடுகிறேன். டூவீலரில் வரும் இளைஞர்கள் எனக்கு வலப்புறமாக ஒட்டி ஓட்டியபடியே கைபேசியில் படம் எடுக்கிறார்கள், விலை கேட்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் பக்கவாட்டில் இரண்டு வண்டிகள் போனால் பின்னால் வரும் கார் பொறுமை இழந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகி ஓவர்டேக் செய்கிறது. அதன் பின்னால் வருவது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஓடும்போது நான் பதில் சொல்வதில்லை. ஓரமாக நிற்கும்படி கையால் காட்டி, நின்று, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, விரும்பினால் உட்கார்ந்தும் பார்க்கச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

வணக்கம் ஐயா. நான் இந்தச் சைக்கிள் ஓட்டுகிறவன் அல்லன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன். நீங்கள் எழுதியதை மேலே உட்கார்ந்திருப்பவனின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

முத்துக்கடை சந்திப்பில் ஒருநாள் போக்குவரத்து நின்றிருந்தபோது, உங்கள் வண்டியைப் போன்ற ஒன்று இடப்புறமாக வந்து என் பேருந்துக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நின்றது. வந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். நின்ற பிறகு அவர் என் பார்வையிலிருந்து முழுவதுமாக மறைந்துவிட்டார்; முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு கொடியின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கொடியும் இல்லாமல், அவர் வந்ததையும் நான் பார்க்காமல் இருந்திருந்தால், வழி கிடைத்ததும் வண்டியை எடுத்திருப்பேன். அன்று நான் எடுக்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், அவர் கிளம்பிப் போனதை உறுதி செய்துகொண்டுதான் கியரைப் போட்டேன். எனவே உங்களுக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கனரக வண்டிக்கு முன்னால் நிற்பதானால், உங்கள் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். இடப்பக்கம் முன்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். அங்கே நிற்கிறவரை எந்தக் கண்ணாடியும் சரியாகக் காட்டாது; பேருந்து இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் அந்த இடத்தைத்தான் அரைத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று, வெயில். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குக் காலையில் ஓட்டும்போது சூரியன் நேர் எதிரே தாழ்வாக நிற்கிறது. கண்ணாடியில் தூசியும் சேர்ந்தால் காரே தாமதமாகத்தான் தெரியும். ஓரடி உயரத்தில் போகிறவர் எப்படித் தெரிவார்? காலையில் பள்ளிகொண்டா பக்கமும் மாலையில் ஆற்காட்டுப் பக்கமும் போகிறவர் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு போகிறார். அவர் பின்னால் வருகிற எங்கள் கண்ணும் கூசாது. இரவைப் பொறுத்தவரை நீங்கள் தாழ்வாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஹெட்லைட்டை டிம் செய்து ஓட்டும்போது வெளிச்சம் சாலையின் கீழ்மட்டத்தில்தான் விழுகிறது. அந்த உயரத்தில் இருக்கும் சிவப்பு ரிப்ளெக்டர் பளிச்சென்று தெரியும். இருக்கையின் பின்புறம் முழுவதும் அதை ஒட்டுங்கள்.

பாகாயத்திலிருந்து:

எனக்கு இடது காலில் பலக்குறைவு உண்டு. நான் ஓட்டுவது முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சக்கரம் உள்ள டெல்டா வகை. இருக்கை உங்களுடையதைவிட உயரம் என்பதால் ஏறி இறங்க எளிது. ஆனால் அகலம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழையும் எண்ணமே வரக் கூடாது. இரண்டு கால்களையும் பெடலோடு பட்டையால் கட்டிக்கொள்கிறேன். வண்ணம் பூசாத வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கால் நழுவித் தரையில் பட்டால், வண்டி ஓடும் வேகத்தில் அது பின்னுக்கு இழுக்கப்பட்டுச் சட்டத்தின் அடியில் சிக்கி எலும்பு முறியலாம். எந்த வகை வண்டியானாலும் இதை விட்டுவிடக் கூடாது.

ஐயா எழுதிய இரண்டாவது வண்டி எனக்கு வேறு விதத்தில் வந்தது. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966 ஆம் ஆண்டிலிருந்து இயங்குவதால், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் இங்குள்ள ஓட்டுநர்களுக்குப் புதிதல்ல. என்னையும் அவ்விதமே எண்ணி மிகுந்த பரிவோடு வழிவிடுகிறார்கள். ஒருநாள் ஆற்காடு சாலையில் நான் வலப்பக்கம் கடப்பதற்காக ஓரத்தில் காத்திருந்தேன். ஒரு கார் ஓட்டுநர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, "நீ போம்மா" என்று கையசைத்தார். நான் இரண்டு மிதி மிதித்து அவருடைய காருக்கு முன்னால் வந்திருப்பேன். கார் ஏன் நின்றது என்று அறியாத ஒரு மோட்டார் சைக்கிள் அதன் வலப்புறமாக முழு வேகத்தில் வந்தது. இந்த வண்டியில் என் கண்ணுக்கு முன்பாகவே பாதங்களும் முன்சக்கரமும் மூன்றடிக்கு மேல் வெளியே நீண்டுவிடுகின்றன. காரின் மறைவைத் தாண்டி நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் சக்கரம் அவர் பாதையில் இருக்கும். பிரேக்கைப் பிடித்தேன். மோட்டார் சைக்கிள் என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் போய் மறைந்தது. கார்க்காரர் முகம் வெளிறிப்போய் இறங்கி வந்தார். அவருக்குத்தான் நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது யாராவது நின்று வழிவிட்டால் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு, அவர்களையே போகும்படி காட்டுகிறேன். சிலர் வருத்தப்படுகிறார்கள். சாலையில் இருபக்கமும் ஒன்றும் வராதபோது, அல்லது இருபக்கமும் எல்லாம் நின்றுவிட்டபோது மட்டுமே கடக்கிறேன். அதிக அவசரமென்றால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். நின்றால் என் தலை எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் இருக்கிறது. மருத்துவமனை வாசலில் வெளிமாநிலத்திலிருந்து வந்த நோயாளிகளின் உறவினர்கள் ஆட்டோக்களின் இடையிலிருந்து திடீரென்று வருவார்கள்; அவர்கள் கண் உயரமான வண்டிகளையே தேடும். அங்கே மணியைவிடக் குரல்தான் பயன்படுகிறது.

ஐயாவுக்கு ஒரு கேள்வி: நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு நமக்குப் பாதுகாப்பானதா?

காட்பாடியிலிருந்து:

அம்மா, பரிவோடு நிற்கிறவரால் வரும் ஆபத்து என் நினைவுக்கே வந்திருக்கவில்லை. என் உறவினர் ஒருவர் டெல்டா வகை வாங்கப்போகிறார், நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். ராணிப்பேட்டைத் தம்பி கேட்டுக்கொண்டபடி இனிக் கனரக வண்டிக்கு முன்னால் நிற்கும்போது முகம் தெரிகிற தூரம் விட்டே நிற்பேன்.

சர்வீஸ் ரோட்டில் வேகம் குறைவு. ஆனால் சத்துவாச்சாரிப் பக்கம் எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள் அதிகம். அவை ஓரத்தை ஒட்டியே வருகின்றன. நிறுத்தியிருக்கும் லாரியைச் சுற்றிக்கொண்டு வரும்போது நேருக்கு நேர் வந்துவிடுகின்றன. அதனால் பகலிலும் முன்விளக்கை மின்னவிட்டு ஓட்டுகிறேன். நிறுத்திய லாரியைக் கடக்கும் முன் நடக்கும் வேகத்துக்குக் குறைத்துக் குரல் கொடுக்கிறேன். தெருநாய்களும் அங்கேதான் அதிகம், அவற்றின் முகமும் நம் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஓட்டத்தை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் அவை பெரும்பாலும் விலகிவிடுகின்றன. வேகமெடுத்தால் துரத்தும், துரத்தும் நாயைத் தவிர்க்க டூவீலர்க்காரர் நம் பக்கம் வளைவார். அதிகாலையில், கடைகள் திறக்கும் முன், சர்வீஸ் ரோட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். மாலையில் அதைவிடக் காட்பாடி–திருவலம் சாலையே மேல் என்று நினைக்கிறேன்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரவில் ஓட்டியவர் யாராவது இருந்தால், பின்விளக்கைக் கொடிக்கம்பத்தின் உச்சியில் வைத்தீர்களா, இருக்கைக்குப் பின்னால் வைத்தீர்களா, உங்களுக்குப் பின்னால் ஏற்றத்தில் ஏறி வருகிறவருக்கு எது முதலில் தெரிந்தது என்பதை எழுதுங்கள்.