மறு: அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் கண்ணாடிக்கு ஒரு சொல் (அவசரம்)

தருமபுரியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காகப் பொருத்துமுறைத் தாள் மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சு. கிரானைட் மேடைக்கு மேலே, எண்ணெயும் தண்ணீரும் சுவரில் படாமல் ஒட்டுகிறார்களே, ஸ்ப்ளாஷ்பேக், அதற்குத் தமிழ் வேண்டும். தாளில் 27 இடத்தில் வருகிறது. இப்போதைக்கு இப்படி:

'தெறிகாப்புக்கும் மேடைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு, சிலிக்கான் வைத்து அடைக்கவும். பிளக் பாயின்ட்டுக்கான துளையைக் கண்ணாடியைப் பதப்படுத்தும் முன்பே போட வேண்டும். பிறகு துளைத்தால் முழுவதும் நொறுங்கிவிடும்.'

சரியா?

அரூரிலிருந்து:

சரியில்லை தம்பி. தெறிகாப்பு வினைத்தொகை. ஊறுகிற காய் ஊறுகாய், தெறிக்கிற காப்பு தெறிகாப்பு. நொறுங்கும் என்று நீங்களே எழுதியிருப்பதால் ஒருவகையில் பொருத்தம்தான்! ஒற்று மிகாததால் வந்த வினை. 'தெறிப்புக்காப்பு' என்றாவது எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், எண்ணெய் தெறிப்பது தாளிக்கும்போதுதான். தாளிப்புக்கு நம்மிடம் 'குய்' இருக்கிறது. குறுந்தொகை 167-இல் தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையைக்கூட மாற்றாமல், கண்ணில் குய்ப்புகை ஏற ஏறப் புளிக்குழம்பு வைக்கிறாளே, அவள் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். குய்த்தடுப்பு. என் ஓட்டு இதற்கே.

ஓசூரிலிருந்து:

ஐயா, குய்த்தடுப்பு என்று அச்சடித்தால் பொருத்த வருகிற பையன் குய்யோ முறையோ என்று கத்துவான். வினைத்தொகைக்கும் ஒரு வார்த்தை. சுடுகாட்டில் காடா சுடுகிறது? அது சுடும் இடம். அப்படியே தெறிகாப்பும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கொத்தனார்கள் டேடோ என்கிறார்கள். அதையே போடுங்கள். என் வீட்டில் பர்னருக்கு நேர் பின்னால் அக்ரிலிக் ஒட்டினார்கள், ஆறே மாதத்தில் வளைந்து பப்படம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியோ எஃகோ வைக்க வேண்டிய இடம் அது. சொல்லைவிட அதைக் கொட்டை எழுத்தில் போட்டால் புண்ணியம்.

பென்னாகரத்திலிருந்து:

டேடோ வேறு அம்மா. அது சுவரின் கீழ்ப்பாதியில் சிமென்ட் வைத்துப் பதிக்கிற டைல்ஸ். குளியலறையிலும் உண்டு. இது ஒரே துண்டாக வந்து ஒட்டுகிற சமாச்சாரம். அதியமான் ஆண்ட தகடூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கும் தகடு ஞாபகம் வரவில்லையா? 'தெறிப்புத்தகடு'. ஊர்ப் பேரே தகட்டிலிருந்து வந்தது என்று எனக்கு நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:

தனி மடலிலேயே இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் தகடு வைத்திருக்கிறது என்று சொன்னால் என் மாமியார், 'யார் வைத்தது?' என்று கேட்டுவிட்டு நேரே குறிசொல்கிறவரிடம் போய்விடுவார்.

தருமபுரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தாளை அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'தெறிப்புத் தடுப்புப் பலகை', மற்ற 26 இடத்திலும் வெறும் 'பலகை'. ஓசூர் அம்மா சொன்ன அக்ரிலிக் எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் மெய்ப்பைப் பார்த்துவிட்டுத் தலைப்புக்குப் பக்கத்தில் பேனாவால் 'டேடோ கிளாஸ்' என்று சேர்த்துக் கொடுத்தார். அச்சிலும் அப்படியே வந்துவிட்டது.

அரூரிலிருந்து:

பலகை என்றால் மரம். கரும்பலகையும் ஒரு காலத்தில் மரம்தான். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் தம்பி, சிலிக்கான் தனிமம். இடைவெளியை அடைக்கிற பசை சிலிக்கோன். அதைத் திருத்தினீர்களா?