‘அமெரிக்கன் கிராஃபிட்டி’: 1962-இல் நடக்கும் கதைக்கு 1950-களின் பாடல்கள் ஏன்?

கேள்வி

ஜார்ஜ் லூகாஸ் 1973-இல் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தை நெடுநாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். முதன்முறை பார்த்தபோது கார்களும், மெல்ஸ் டிரைவ்-இன் உணவகத்தின் நியான் வெளிச்சமும்தான் மனத்தில் நின்றன. இந்த முறை பாடல்களை மட்டுமே பின்தொடர்வது என்று முடிவு செய்துகொண்டு, எந்தக் காட்சியில் எது ஒலிக்கிறது, அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று குறித்துக்கொண்டே பார்த்தேன். அதில் எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சிறு அறிமுகம். கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில், 1962-ஆம் ஆண்டுக் கோடை முடியும் நேரத்தில், ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடியும் கதை இது. பள்ளிப் படிப்பை முடித்த கர்ட்டும் ஸ்டீவும் விடிந்தால் விமானம் ஏறிக் கிழக்கே கல்லூரிக்குச் செல்ல வேண்டும். கர்ட்டுக்குப் போக மனமில்லை. ஸ்டீவோ காதலி லாரியை விட்டுப் போகும் தயக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறான். ஸ்டீவின் காரைக் கடன் வாங்கிக்கொண்டு ஒரே இரவில் பெரிய ஆளாகிவிடத் துடிக்கும் டெர்ரி ஒருவன். இருபத்திரண்டு வயதாகியும் பள்ளிப் பிள்ளைகளோடே திரியும், ஊரிலேயே வேகமான காருக்குச் சொந்தக்காரனான ஜான் மில்னர் ஒருவன். நால்வரும் தனித்தனியே ஊரைச் சுற்றினாலும், எல்லாக் கார்களின் வானொலியிலும் வுல்ஃப்மேன் ஜாக் என்ற ஒரே அறிவிப்பாளரின் குரலும் அவர் போடும் பாடல்களுமே கேட்கின்றன. இந்தப் படத்துக்கென்று இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய பின்னணி இசை கிடையாது.

என் ஐயம் இதுதான். தொடக்கத்தில் ஒலிக்கும் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ 1954-இல் பதிவானது. ஓரியோல்ஸ் குழுவின் பாடல் 1953-ஐச் சேர்ந்தது. ஃபிராங்கி லைமன் பாடியது 1956-இல் வெளிவந்தது. பிளாட்டர்ஸ் குழுவின் பாடல்கள் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்கும் இறுதிக்கும் உரியவை. 1962-இல் புதிதாக வந்தவை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. இதற்கு நேர்மாறாக, முடிவில் எழுத்துகள் ஓடும்போது ஒலிக்கும் பீச் பாய்ஸ் குழுவின் ‘ஆல் சம்மர் லாங்’ 1964-இல்தான் வெளிவந்தது. காலத்தைத் துல்லியமாகக் காட்ட முனைந்த ஓர் இயக்குநர் இதில் மட்டும் அக்கறை இல்லாமல் இருந்தார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. உரிமத் தொகைதான் காரணமா, அல்லது வேறு நோக்கம் இருந்ததா?

முதல் மறுமொழி

பணத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது எந்தப் பாடல் விடுபட்டது என்பதைத்தான் விளக்குகிறது. ஏறத்தாழ எட்டு இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படத்தில் சுமார் 90,000 டாலர் பாடல் உரிமங்களுக்கே போயிற்று. எல்லா இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் ஒரே வீதத்தில் தொகை தருவதாகப் பேசியதற்கு, எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை வெளியிட்ட ஆர்சிஏ இசையவில்லை. அதனால்தான் அந்தக் காலத்தைப் பற்றிய படத்தில் அவருடைய குரல் ஓரிடத்தில்கூடக் கேட்பதில்லை.

எவை இடம்பெற்றன என்பதற்கு வயதுதான் காரணம் என்று கருதுகிறேன். லூகாஸ் 1944-இல் மொடெஸ்டோவில் பிறந்து, 1962-இல் அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். தம்மிடம் இருந்த பழைய இசைத்தட்டுகளை ஓடவிட்டுக்கொண்டே, இந்தக் காட்சிக்கு இந்தப் பாடல் என்று முன்கூட்டியே வைத்துத் திரைக்கதையை எழுதினார். அவர் வயதையே கர்ட்டுக்கும் ஸ்டீவுக்கும் கொடுத்துப் பாருங்கள்: 1956-இல் அவர்களுக்குப் பன்னிரண்டு வயது. அப்படியானால் அந்த இரவில் அவர்கள் கேட்பது அன்றைய புதுப் பாட்டு அன்று. நடனத்துக்குப் போகும் வயது வராத காலத்தில், அண்ணன்மாரும் அக்காமாரும் ஆடுவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்ட பாட்டு. திரையரங்கில் அமர்ந்திருந்தவர்கள் 1973-இலிருந்து 1962-ஐ நினைத்து ஏங்கினார்கள். திரைக்குள் இருக்கும் பிள்ளைகள் 1962-இலிருந்து 1957-ஐ நினைத்து ஏங்குகிறார்கள். பதினெட்டு வயதிலேயே ஒருவனுக்குக் கடந்த காலம் என்று ஒன்று உண்டு என்பதை இவ்வளவு பரிவோடு சொன்ன படம் வேறு எனக்குத் தெரியாது.

இது லூகாஸின் கற்பனையும் அன்று. ஆர்ட் லபோ என்ற லாஸ் ஏஞ்சலிஸ் வானொலி அறிவிப்பாளர், ஹாலிவுட்டில் ஒரு டிரைவ்-இன் உணவகத்திலிருந்தே நேரடியாக ஒலிபரப்பி, காரில் வரும் இளைஞர்கள் கேட்டதையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை ஓரிரு ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்களாகவே இருந்ததைக் கவனித்து, 1959-இலேயே ‘ஓல்டீஸ் பட் குடீஸ்’ என்ற தொகுப்புத்தட்டை வெளியிட்டார். ஆகவே, 1962-இல் ஒரு கலிஃபோர்னியக் காரில் 1955-ஆம் ஆண்டுப் பாட்டு ஒலிப்பது மிக இயல்பான செய்திதான்.

இரண்டாம் மறுமொழி

முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால் 1964-ஆம் ஆண்டுப் பாடலைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கான விடை மில்னரிடம் இருப்பதாக நினைக்கிறேன்.

படம் தொடங்கிச் சற்று நேரத்தில், மில்னரின் காரில் எதிர்பாராமல் வந்து ஒட்டிக்கொள்ளும் கேரல் என்ற சிறுமி, வானொலியில் பீச் பாய்ஸ் பாடும் ‘சர்ஃபின் சஃபாரி’யைக் கேட்டு மகிழ்கிறாள். அது அந்த ஆண்டு வந்த புத்தம்புதிய பாட்டு. மில்னர் வெடுக்கென்று வானொலியை அணைத்துவிட்டு, இந்த அலைச்சறுக்குப் பாட்டெல்லாம் தனக்குப் பிடிக்காது என்றும், பாடகர் பட்டி ஹோலி இறந்ததிலிருந்தே ராக் அண்ட் ரோல் தேய்ந்துகொண்டு வருகிறது என்றும் சொல்கிறான். ஹோலி விமான விபத்தில் இறந்தது 1959 பிப்ரவரி 3 அன்று. மூன்றரை ஆண்டுகளுக்குள்ளேயே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் காலம் முடிந்துவிட்டதாகப் பேசுகிறான்.

பிறகு விடியற்காலையில் பாரடைஸ் சாலையில் நடக்கும் பந்தயத்தைப் பாருங்கள். அங்கே ஒலிப்பது புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ் குழுவின் ‘கிரீன் ஆனியன்ஸ்’. அதுவும் 1962-இல் வந்ததுதான். பாடகர் இல்லை, காதல் இல்லை, ஓர் ஆர்கனும் கிட்டாரும் அடங்கிய குரலில் உறுமிக்கொண்டு நகரும் இசை. மில்னர் தன் பழைய பாடல்களின் துணை ஏதுமின்றி இந்தப் புதிய இசையின் மீதுதான் கார் ஓட்டுகிறான். எதிராளியின் கார் கவிழ்ந்து எரிவதால் வென்றவன் ஆகிறான். ஆனால் அந்தக் கார் கவிழ்ந்திராவிட்டால் எதிராளி தன்னை முந்தியிருப்பான் என்று டெர்ரியிடம் தானே சொல்லிவிடுகிறான்.

முடிவில், நால்வரின் பிற்கால வாழ்க்கையை ஒவ்வொரு வரியில் சொல்லும் குறிப்புகள் திரையில் வருகின்றன. மில்னர் 1964 டிசம்பரில் குடிபோதையில் கார் ஓட்டிய ஒருவரால் கொல்லப்பட்டான். டெர்ரி 1965 டிசம்பரில் வியட்நாமின் அன் லாக் அருகே காணாமற்போனான். ஸ்டீவ் மொடெஸ்டோவிலேயே காப்பீட்டு முகவர். கர்ட் கனடாவில் வாழும் எழுத்தாளர். அவை மறைந்ததும் ‘ஆல் சம்மர் லாங்’ தொடங்குகிறது. மில்னர் வெறுத்த அதே குழு, அவனுடைய கடைசிக் கோடையில் வெளியிட்ட பாட்டு. இதைக் காலப்பிழை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்க இனிமையான அந்தப் பாட்டு, முதன்முதலாகக் கதையின் இரவைத் தாண்டிய காலத்திலிருந்து வந்து ஒலிக்கிறது.

மூன்றாம் மறுமொழி

ஒலிக்கலவைத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், எந்தப் பாட்டு என்பதோடு அது எப்படிக் கேட்கிறது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். பாடல் வரும்போது கதையை நிறுத்திவைத்துப் பாடலை மட்டும் கேட்கும் வழக்கத்துக்கு நாம் பழகியவர்கள். இந்தப் படத்தில் ஏறத்தாழ எப்போதும் பாட்டு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரம் அது தெருவில் இருக்கிறது.

ஒலியை அமைத்தவர் வால்டர் மர்ச். அவரும் லூகாஸும் முதலில் வுல்ஃப்மேன் ஜாக்கின் பேச்சும் பாடல்களும் விளம்பரங்களும் கலந்த முழுநீள வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார்கள். பிறகு அதை வெட்டவெளியில் ஒலிபெருக்கி வழியாக ஓடவிட்டு, ஒருவர் ஒலிபெருக்கியை இப்படியும் அப்படியும் திருப்ப, சற்றுத் தொலைவில் நின்ற மற்றவர் ஒலிவாங்கியை அதேபோல் திருப்பிக்கொண்டே மறுபதிவு செய்தார்கள். இதை இருமுறை செய்ததால், மூலப்பதிவோடு சேர்த்து மூன்று தடங்கள் கையில் கிடைத்தன. நடுவில் இருப்பது உரையாடல் என்றால் வெட்டவெளித் தடங்களை உயர்த்தி, பாட்டைச் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் தொலைதூர ஒலியாக்கிவிடலாம். பாட்டு முன்னே வர வேண்டும் என்றால் மூலப்பதிவுக்கு மாறிவிடலாம். கார்கள் ஒன்றையொன்று கடக்கும்போது பாட்டு இழுபட்டு, மங்கி, மீண்டும் தெளிவது அதனால்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை அடுக்கியும் படம் திகட்டாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பது என் துணிபு.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீவும் லாரியும் ஆடும் காட்சியை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். பிளாட்டர்ஸ் குழுவின் ‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’ ஒலிக்க, எல்லாரும் பார்க்கும்படி விளக்கொளியின் நடுவே, சற்றுமுன் சண்டையிட்ட இருவரும் ஆடியாக வேண்டியிருக்கிறது. லாரி அழுதுகொண்டே ஆடுகிறாள். அந்த அழுகைக்குத் தனியே சோக இசை ஒன்றைச் சேர்த்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 1973-இல் இதே படத்தின் பெயரில் வெளிவந்த 41 பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டு இனிமையாக இருந்தும், படம் பார்த்த நிறைவைத் தராதது ஏன் என்பது மூன்றாம் மறுமொழியைப் படித்த பிறகே விளங்கியது. விமானத்தில் அமர்ந்திருக்கும் கர்ட்டின் கையிலுள்ள சிறு வானொலியில் பாட்டு இரைச்சலாகத் தேய்ந்துபோவதும் இதே வகை உத்தி என்று நினைக்கிறேன். ஊரின் எல்லை எங்கே முடிகிறது என்று அந்த இரைச்சல் காட்டிவிடுகிறது.

நான்காம் மறுமொழி

இதுவரை யாரும் தொடாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் படத்தை நேசிப்பவன் என்பதாலேயே எழுதுகிறேன்.

இந்தப் படத்தில் ஒலிக்கும் குழுக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஓரியோல்ஸ், பிளாட்டர்ஸ், ஃபிளமிங்கோஸ், ஸ்பேனியல்ஸ், கிளவர்ஸ், தனிப்பாடகர்களில் சக் பெர்ரி, ஃபேட்ஸ் டொமினோ. பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள். தெருமுனைகளிலும் தேவாலயங்களிலும் குரலோடு குரல் இணைத்துப் பாடி அவர்கள் வளர்த்த டூ-வாப் இசையே இந்தப் படத்தின் ஏக்கத்துக்கு உடலாக இருக்கிறது. ஆனால் அந்த இரவில் கார்களுக்குள் அமர்ந்திருப்பவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர்கள். குரல் மட்டும் உள்ளே வர அனுமதி பெற்றிருக்கிறது. இறுதிக் குறிப்புகளில் நான்கு பையன்களின் வாழ்க்கை மட்டுமே சொல்லப்படுகிறது, லாரியையும் கேரலையும் பற்றி ஒரு வரியும் இல்லை என்று திரை விமர்சகர் பாலின் கேல் அப்போதே கண்டித்திருந்தார். பாடியவர்களைப் பற்றியும் அதே கேள்வி எழுகிறது. யாருடைய இளமை நினைவுகூரத் தக்கது என்று படம் தேர்ந்தெடுத்துவிட்டது.

முதல் மறுமொழி அளித்தவர்

உங்கள் கேள்வி நியாயமானது. படம் இதை ஒரு கணமாவது அறிந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வுல்ஃப்மேன் ஜாக் கறுப்பினத்தவர் என்பதால் வீட்டில் அவர் நிகழ்ச்சியைக் கேட்கத் தன் தாய் விடுவதில்லை என்று கேரல் மில்னரிடம் சொல்கிறாள். உண்மையில் ராபர்ட் வெஸ்டன் ஸ்மித் என்ற இயற்பெயர் கொண்ட அவர், புரூக்ளினில் பிறந்த வெள்ளையர். மெக்சிக்கோ எல்லையோர நிலையங்களிலிருந்து வந்த அந்தக் கரகரத்த குரலை மட்டும் கேட்டவர்கள் பலர் அவரைக் கறுப்பினத்தவர் என்றே எண்ணினார்கள். நிலையத்துக்கே தேடிப்போகும் கர்ட்டிடம், பழுதான குளிர்பெட்டியில் உருகிக்கொண்டிருக்கும் குச்சி ஐஸைத் தின்றபடி, தான் வுல்ஃப்மேன் இல்லை என்று அவர் சொல்கிறார். வெளியேறும்போது திரும்பிப் பார்க்கும் கர்ட், கண்ணாடிக்கு அப்பால் அவரே ஒலிவாங்கியில் பேசுவதைக் காண்கிறான். குரல் ஒருவருடையது, முகம் வேறு என்ற தயக்கம் படத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஆயினும் அது போதாது என்ற உங்கள் கருத்தை ஏற்கிறேன்.

அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளை நிறக் காரில் போகும் பெண்ணைக் கர்ட் முதன்முதலாகப் பார்க்கும் இடத்தில் ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ ஒலிக்கிறது. அதைப் பதிவு செய்தபோது ஃபிராங்கி லைமனுக்குப் பதின்மூன்று வயது. 1942-இல் பிறந்த அவர், கர்ட்டைவிட ஓரிரண்டு வயதே மூத்தவர். கதை நடக்கும் 1962-இல் அவருடைய புகழ்க்காலம் முடிந்துவிட்டிருந்தது. படம் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1968-இல், இருபத்தைந்து வயதில் போதை மருந்தால் நியூயார்க்கில் இறந்துபோனார். அந்த நான்கு குறிப்புகளையும் படிக்கும்போது, ஐந்தாவதாக இவருக்கும் ஒன்று இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.